ஏற்றம் ஏறாத இன்ஜின்

மார்ச் 3, செவ்வாய்

இன்று இன்ஜினின் அடியிலிருந்து பதினொரு முடி எடுத்தேன். ஒன்று நரைத்தது, ஒன்று சிவப்புச் சாயம் போட்டது, ஒன்று என் முழங்கை நீளம். அச்சில் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தன. நடுநடுவே கறுப்பு விழுது, காய்ந்த தக்காளிச் சாறு. இடுக்கியால் இழுத்தால் பச்சக்கென்று வருகிறது. இங்கே சாப்பிட வருகிறார்களா, தலை சீவ வருகிறார்களா?

எல்லாரும் ரயிலுக்காகத்தான் வருகிறார்கள். சமையலறை மேடையிலிருந்து கிளம்பி, ஓர் ஏற்றம் ஏறி, சுவரோரப் பலகைமேல் எட்டு மேசைகளையும் ஒட்டிப் போய்த் திரும்பி வரும். என் கை நீளத்துக்கு இன்ஜின், பின்னால் மூன்று பெட்டி, பெட்டிக்கு ஒரு ஐஸ்கிரீம் கிண்ணம். பிள்ளைகள் கத்துவார்கள். பெரியவர்கள் அதைவிடக் கத்துவார்கள்.

கடை திறப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் என்னுடையது. முடி எடுப்பேன், சக்கரங்களை ஸ்பிரிட்டில் துடைப்பேன், தண்டவாளம் முழுக்கத் துடைப்பேன். கடைசியில் எண்ணெய். அச்சு முனைகளில் ஆறு துளை. காலையில் துளைக்கு இரண்டு சொட்டு, மத்தியானம் இரண்டு. இதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மூன்றாவது மேசைப் பக்கத்தில் இன்ஜின் கீச்சென்று கத்தியது. எல்லாரும் திரும்பி அதைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள். அத்தான் அத்தனை பேர் முன்னாலும், "எண்ணெய் விட்டியா இல்லையா? வாயத் தொறந்து சொல்லேன்" என்றார். அக்கா வீட்டுக்காரர். இந்த ரயிலைப் போட்டுக் கொடுத்தவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இன்ஜினும் திறக்கவில்லை.

மார்ச் 4, புதன்

ஒரு குழந்தை தண்டவாளத்தை நக்கியது. அதன் அம்மா படம் எடுத்தாள். சீ.

மார்ச் 6, வெள்ளி

ஏற்றத்தில் நின்றுவிட்டது. நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது. ஆறு சக்கரமும் சுற்றுகின்றன, ரயில் மட்டும் நகரவில்லை. பாதி ஏற்றத்தில் மூன்று கிண்ணத்து ஐஸ்கிரீமும் உருகி, பெட்டியில் வழிந்து, பலகையில் இறங்கி, ஒருவர் சட்டைமேல் சொட்டியது. பின்னாலிருந்து விரலால் தள்ளினேன். ஏறியது. ஐந்தாவது மேசையில் ஒருவர், "ரயிலுக்கே ஆள் தள்ளணுமா? அப்ப என் வண்டியே தேவலப்பா" என்றார். சிரிப்பு. சட்டை நனைந்தவர்கூடச் சிரித்தார்.

என் முகம் சூடாகி, காது அடைத்துக்கொண்டது. அடுத்து வயிறு புரளும், எனக்குத் தெரியும். சமையலறைக்குள் ஓடிவிட்டேன். பாத்திரத் தொட்டியில் ஊறின மிச்சத்தின் நாற்றம்தான் அங்கே வரவேற்றது. எங்கே போனாலும் ஏதோ ஒரு அசிங்கம்.

மார்ச் 9, திங்கள்

கடைக்கு வார விடுமுறை. அத்தான் வந்தார். இன்ஜின் கூட்டைத் திறந்து, உள்ளே இரண்டு ஈயக் கட்டிகளை ஒட்டினார். "பாரம் இருந்தாத்தான் சக்கரம் பிடிக்கும். இதுகூடத் தெரியாதா?" நான் எதுவுமே கேட்கவில்லை. கேள்வியும் அவரே, பதிலும் அவரே.

ஏறியது. "பாத்தியா?" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார், என் வெள்ளைத் துணியில். தண்டவாளத்துக்கு மட்டும் என்று தனியாகத் துவைத்து வைத்திருந்தது. ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது.

மார்ச் 10, செவ்வாய்

ஒரு மணி நேரம் ஏறியது. பிறகு அதே கதை. இப்போது பாரமும் கூடியதால் மோட்டார் சூடாகி முடி கருகுகிற நாற்றம் வேறு. பக்கத்து மேசைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்த முடியாது. கை முழுக்கக் கறுப்பு.

நடுச் சக்கரத்து ரப்பர் வளையம் கழன்று விழுந்தது. அந்த வளையம்தான் சக்கரத்துக்குப் பிடி. போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. தண்ணீரில் கிடந்த விரல் தோல் மாதிரி ஊதி, வழவழவென்று, சக்கரத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. போனில் சொன்னேன். "மட்டமான சரக்கு. வேற மாட்டு" என்றார் அத்தான்.

ரப்பர் தேயும், வெடிக்கும். ஊதுமா?

மார்ச் 12, வியாழன்

மேனேஜர் எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "இருபத்திரெண்டாம் தேதி முதலாளி வர்றாரு. புதுக் கிளையிலயும் ரயில் போடலாமான்னு பாக்க. அன்னைக்கு ஏத்தத்துல நின்னுச்சுன்னா ரயிலையும் கழட்டிருவேன், அதத் தொட்ட அத்தன பேரையும் கழட்டிருவேன்."

அத்தானுக்குப் புதுக் கிளை வேலை வேண்டும். எனக்கு இந்த இரண்டு மணி நேரம் வேண்டும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவளுக்கு, யாரிடமும் பேசாமல் செய்கிற மாதிரி வேறு எந்த வேலை இருக்கிறது? யாரும் என்னைப் பார்ப்பதில்லை. நானும் யாரையும் பார்க்க வேண்டியதில்லை. முடியும் பிசுக்கும் என்றாலும் அது என் முடி, என் பிசுக்கு. (என் முடி இல்லை. சீ.)

மார்ச் 13, வெள்ளி

பளபளாதான் காரணம். எனக்கு இப்போது நிச்சயம்.

பளபளா என்பது மேசை, பலகையெல்லாம் மெருகு போடுகிற அக்காவுக்குக் கடையில் வைத்த பெயர். எதைத் துடைத்தாலும் "பளபளன்னு இருக்கணும், மூஞ்சி தெரியணும்" என்பாள். தினமும் நான் தண்டவாளத்தைத் துடைத்து முடித்த பின்னால்தான் வருவாள். எலுமிச்சை வாசனை மெருகுத் தைலத்தைப் பலகையில் ஊற்றித் தேய்ப்பாள். கறை போகவில்லை என்றால் துணியில் துப்புவாள். ஆமாம், துப்புவாள்! அந்தத் துணி தண்டவாளத்தின் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகும். இன்று பின்னால் நின்று பார்த்தேன். எனக்கு எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

அவள் திரும்பிப் பார்த்து, "என்ன ஊமைக் கிளி, கண்ணு வைக்கிற? வேணும்னா நீயும் ஒரு துப்பு துப்பு" என்றாள். சர்வர் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

சாயங்காலம் அத்தானிடம் சொன்னேன். மூன்று வாக்கியம். அவரிடம் நானாகப் போய் இவ்வளவு பேசியதே இல்லை.

மார்ச் 14, சனி

அத்தான் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் பளபளாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

அவள் தன் டப்பாவையும் துணிகளையும் பையில் போட்டாள். "ஆறு வருஷமாத் தொடைக்கிறேன் சார். போன மாசம் வரைக்கும் இதே துணி, இதே தைலம். அப்பல்லாம் ஓடுச்சே?" என்றாள். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் என்னைத் தாண்டும்போது நின்றாள். "உனக்குப் பேச வராதுன்னு நெனச்சேன். வருது போல."

மார்ச் 15, ஞாயிறு

காலை நன்றாக ஓடியது. பார்த்தாயா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு ஏற்றத்தில் சக்கரம் சுற்றியது.

மெருகும் இல்லை, துப்பலும் இல்லை. பிறகு எப்படி?

இன்ஜினைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கேட்காமல்தான்.

மார்ச் 16, திங்கள்

எழுத்து கோணலாகப் போகிறது. இருக்கட்டும்.

நேற்றுத் தண்டவாளத்தைத் துடைத்த துணியை முகர்ந்து பார்த்தேன். எலுமிச்சை வாசனை துளியும் இல்லை. வேறு ஒரு வாசனை, எனக்குப் பிறந்ததிலிருந்து பழக்கமான ஒன்று. ஆனால் இன்னதென்று பிடிபடவில்லை. சரி, மோட்டாரையாவது பார்ப்போம் என்று அம்மாவின் தையல் மேசை ஓரத்தில் இன்ஜினை மல்லாக்கப் போட்டேன்.

"என்னடி இது, செத்த எலி மாதிரி?" என்றாள் அம்மா.

"ரிப்பேரும்மா."

சக்கரங்களை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். புது வளையம் மாட்டினேன். எப்போதும் போல் துளைக்கு இரண்டு சொட்டு விட்டு, கரண்ட் கொடுத்து வேகமாகச் சுற்றவிட்டேன். மூன்று நிமிடம் இருக்கும். அம்மா கத்தினாள்.

மேசையில் விரித்திருந்த வெள்ளைத் துணியின் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை, கறுப்புப் புள்ளி. கோடு போட்டது மாதிரி. சக்கரத்துக்கு நேராக. "யாரு தைக்கக் குடுத்ததுன்னு தெரியுமா? நான் என்னன்னுடி பதில் சொல்லுவேன்? என் மெஷினுக்கே வாரத்துக்கு ஒரு சொட்டுதான் விடுறேன், இதென்ன குளிப்பாட்டியிருக்க!"

அந்த வாசனை தையல் மெஷின் எண்ணெய்.

துளை தாங்காமல் வழிகிற எண்ணெய் அச்சோடு போய், சக்கரத்தின் விளிம்பில் ஏறி, ரப்பரில் ஊறி, தண்டவாளம் முழுக்கத் தடவிக்கொண்டே போயிருக்கிறது. நான் காலையில் துடைத்ததை நானே பகலெல்லாம் பூசியிருக்கிறேன். ஊதின ரப்பர், அச்சில் ஒட்டிக்கொள்கிற முடி, கறுப்பு விழுது, எல்லாம் என் எண்ணெய். நான் மூக்கைச் சுளித்துச் சுளித்து வழித்தெடுத்த அந்த அசிங்கம் யாருடையதும் இல்லை. என்னுடையது.

போன மாதம்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். பளபளா அதைத்தானே சொன்னாள்?

மார்ச் 17, செவ்வாய்

அத்தானிடம் சொன்னேன். முதலில் திட்டினார். பிறகு சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஊத்துனது நீ. விடச் சொன்னது நான். இப்பப் போய்ச் சொன்னா ரெண்டு பேருக்கும் வேட்டு. அந்தம்மா போயாச்சு, விஷயமும் முடிஞ்சாச்சு. நீ எண்ணெயக் கொற. தானா ஓடும். யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களுக்கு..."

"அவங்க வேற எடத்துல தொடைச்சுக்குவாங்க. நீ வேற எடத்துல என்ன பண்ணுவ? சொல்லு, என்ன பண்ணுவ?"

மார்ச் 18, புதன்

எல்லாவற்றையும் கழுவினேன். துளைகளைப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், கறுப்பு நிற்கும் வரை. ஈயக் கட்டிகளைப் பெயர்த்துப் போட்டேன். ஒரு குண்டூசி முனையில் எண்ணெயைத் தொட்டு, துளைக்கு ஒரு முறை. அவ்வளவுதான்.

ஏறியது. மூன்று கிண்ணத்தோடு, தண்ணீர் நிரப்பிய ஆறு கிண்ணத்தோடு, கடைசியில் மேனேஜர் தன் சாவிக்கொத்தையும் பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஏறியது.

"பாத்தியா! அந்தம்மா போனதும் எப்படி ஓடுது!" என்று என் தோளைத் தட்டினார்.

நான் சிரித்தேன். பல் தெரிய. வீட்டுக்கு வந்து மூன்று முறை பல் தேய்த்துவிட்டேன், அந்தச் சிரிப்பு இன்னும் வாயிலேயே இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நான்கு வரி. இரண்டாவது வரியில் முகம் சூடானது, மூன்றாவதில் காது அடைத்தது. நான்காவது வரிக்குப் பதிலாக வாந்தி எடுத்தேன், முன் பெஞ்சுப் பெண்ணின் பின்னல்மேல். அதற்குப் பிறகு எனக்கு வாந்தி என்றே பெயர். டீச்சர்கூட ஒரு முறை மறந்து அப்படிக் கூப்பிட்டார். மறுவாரத்திலிருந்து போகவில்லை.

இதை ஏன் எழுதுகிறேன்? மேனேஜர் முன்னால் போய் நின்றால் அதுதான் நடக்கும். அவர் வெள்ளைச் சட்டை போடுகிறவர்.

மார்ச் 20, வெள்ளி

பலகையில் தூசு. மூஞ்சி தெரியவில்லை.

மார்ச் 21, சனி

காலை. கடை இன்னும் திறக்கவில்லை. மேனேஜர் நாளைக்கு வருகிற முதலாளிக்காக நாற்காலிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். பேச வராது, தெரிந்த விஷயம். அதனால் செய்தே காட்டுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போனேன்.

அலமாரியில் மிச்சமிருந்த எலுமிச்சைத் தைலத்தைப் பலகையில் ஊற்றிப் பளபளா மாதிரியே தேய்த்தேன். ஏற்றம் முழுக்க. தண்டவாளத்தை உரசுகிற மாதிரி. (துப்பவில்லை. அது மட்டும் முடியாது.)

"ஏய், என்ன பண்ற? நாளைக்கு முதலாளி வர்றாரு!"

ரயிலை விட்டேன். ஏறியது. திரும்பி வந்தது, மறுபடி ஏறியது. அவர் பார்த்தார். பிறகு என் எண்ணெய் டப்பாவை எடுத்து, அவர் கண் முன்னால், துளைக்கு இரண்டு சொட்டு. சுற்ற விட்டேன். நாலாவது சுற்றில் வேகம் குறைந்தது. ஏழாவது சுற்றில் ஏற்றத்தின் பாதியில் சக்கரங்கள் சும்மா சுற்றின. ஸ்ஸ்ஸ் என்று. அந்தச் சத்தத்தைத் தவிரக் கடையில் வேறு சத்தமில்லை.

"புரியல. என்ன சொல்ல வர்ற?"

முகம் சூடு. காது. வயிறு.

"நான்தான் சார். அவங்க இல்ல. தினமும் ஊத்துனது நான். அவங்களக் கூப்பிடுங்க."

அவ்வளவுதான் வந்தது. அதற்குப் பிறகு வாந்தியும் வந்தது. ஆனால் தொட்டிவரை ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மேனேஜர் நின்ற இடத்திலேயே நின்றார். "நாளைக்கு ஓடுமா ஓடாதா? அத மட்டும் சொல்லு."

"ஓடும் சார்."

"ஓட வெச்சுட்டு, திங்கக்கெழமைக்கு அப்புறம் பாத்திரம் கழுவப் போ. இத உங்க அத்தான் பாத்துக்கட்டும்."

மதியம்வரை தண்டவாளம் துடைத்தேன். என் எண்ணெயை நானே, ஒவ்வொரு விரல்கடையாக.

மார்ச் 22, ஞாயிறு

ஓடியது. முதலாளி கை தட்டினாராம். நான் சமையலறையில் இருந்தேன்.

மார்ச் 24, செவ்வாய்

பாத்திரத் தொட்டி. யாரோ மென்று துப்பிய சதைத் துண்டு, கிண்ணத்தில் அணைத்த சிகரெட், சூப்பில் மிதக்கிற பல்குச்சி. முடியும் பிசுக்கும் எவ்வளவோ தேவலாம்.

அக்கா போன் செய்தாள். "ஒன்ன வேலைல சேத்துவிட்டதுக்கு அவரு மானத்த வாங்கிட்டியேடி. புதுக் கெளையில வேற ஆளப் பாக்குறாங்களாம்." அழுதாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். அவரும் ஒரு நிமிஷம் அந்த அம்மாவுக்காக யோசிக்கவில்லையே அக்கா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஒரே வாரத்தில் எத்தனைதான் சொல்வது?

பளபளா திரும்பி வந்துவிட்டாள். தொட்டிப் பக்கம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் எண்ணெய்க்கு என் பேரா?"

"தப்புதான் அக்கா."

"பத்து நாள் தூசு. போய்ப் பாரு அந்தப் பலகைய. ஒரு வாரமாகும் அதுக்கு மூஞ்சி வர." போய்விட்டாள். மன்னித்தாளா, தெரியவில்லை. நல்லவள் என்று எழுதவும் கை வரவில்லை. கதவைத் தாண்டியதுமே துணியில் துப்புகிற சத்தம் கேட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

காலையில் இன்ஜின் மூன்றாவது மேசைகிட்ட கத்தியதாம். அத்தான் வந்து, எதையோ புஸ் புஸ்ஸென்று அடித்துவிட்டுப் போனார். கத்தல் நின்றது. மத்தியானம் ஏற்றத்தில் ரயிலும் நின்றது. மேனேஜர் கதவைத் திறந்து, என் பெயரைச் சொல்லாமல், "ஏம்மா, அந்தக் குண்டூசி எங்க?" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு போனேன். எல்லா மேசையிலும் ஆட்கள்.

ஏப்ரல் 6, திங்கள்

கடை விடுமுறை. ரயில் வேலை மறுபடி என்னிடம், கடைச் சாவியும். தனியாக உட்கார்ந்து ரயிலை நாற்பது சுற்று ஓட விட்டேன். கத்துவது எப்போதும் ஒரே இடத்தில், அந்த மூன்றாவது மேசை வளைவில் மட்டும். அச்சு வறண்டிருந்தால் எல்லா இடத்திலும் கத்த வேண்டுமே? இது அச்சு இல்லை. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தில் உரசுகிற சத்தம். முதல் நாளிலிருந்தே அதுதான். என் எண்ணெய் விளிம்புவரை வழிந்ததால் வளைவில் சத்தம் நின்றது, அதே எண்ணெயால்தான் ஏற்றத்தில் ரயிலும் நின்றது.

வளைவை அகலமாக்கினால் போகும். மேசையை நகர்த்த வேண்டும், மேனேஜரிடம் கேட்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அச்சிலிருந்து எடுத்த முடி: இரண்டு. விழுது இல்லை.

மத்தியானம் கூட்டம். மூன்றாவது மேசை வளைவில் கீச்சென்று கத்தியது. எல்லாரும் திரும்பி இன்ஜினைப் பார்த்தார்கள். பிறகு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்கள். எண்ணெய் விடவில்லை. இன்று வியாழன்தான், எண்ணெய் இப்போது வாரத்துக்கு ஒரு முறை, திங்களன்று மட்டும். அங்கேயே நின்றேன். ரயில் ஏற்றம் ஏறிப் போனது.